நிரம்பியே திரும்பும் பாட்டில்

கனகலட்சுமி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்தாள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினாள். ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

"பாத்தீங்களாண்ணே? வாஷர் நல்ல வாஷர். நீங்க கையில வச்சிருக்கது வெல கம்மிதான். ஆனா வெயில்ல ஒரு மாசம் கெடந்தா மூடி எளகிரும்."

பாட்டில் வாங்க வந்தவர் பட்டாசு ஆலைக்குச் சைக்கிளில் போகிறவர். இரண்டு பாட்டில்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சரி, பாட்டிலு இதையே எடுத்துக்கிறேன். பாட்டில் வைக்கிற ஸ்டாண்டு மட்டும் அந்தப் பிளாஸ்டிக்ல குடு."

"பிளாஸ்டிக் ஸ்டாண்டு வேணாம்ணே. நம்ம ஊரு வெயிலுக்கு வெளுத்துப் போகும். அப்பறம் விரிசல் விடும். ஒரு நா பள்ளத்துல எறங்கும்போது பாட்டிலோட சேந்து ரோட்டுல கெடக்கும். அலுமினியம் எடுங்க. வளைஞ்சாக்கூடக் கையாலயே நிமித்திக்கிரலாம்."

"ஏத்தா, நீ யாவாரம் பண்றியா, ஜோசியம் சொல்றியா?"

கல்லாவில் இருந்த அப்துல் பாரி சிரித்தார். "அந்தப் பிள்ள சொன்னா சரியா இருக்கும். எடுத்துக்கங்க."

அவர் எடுத்துக்கொண்டார். மெக்கானிக் செல்லப்பாண்டி சைக்கிளில் ஸ்டாண்டைப் பொருத்துகிற நேரத்தில், வாசலில் இருந்த தண்ணீர்ப் பந்தலுக்குப் போய் நின்றார். கனகலட்சுமி ஈரத்துணி சுற்றிய பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு செம்பு கேட்டார். கொடுத்தாள்.

அவள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. இனி சாயங்காலம் பாளையம்பட்டியில் வீடு போய்ச் சேரும்வரை குடிக்கவும் மாட்டாள்.

அருப்புக்கோட்டை பஜாரில் அப்துல் பாரியின் சைக்கிள் கடை பழைய கடை. ஒவ்வொரு கோடைக்கும் தன் தகப்பனார் பேரில் வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு, பானை வைத்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தண்ணீர் கொடுப்பார். பானையைக் கழுவுவது, நிரப்புவது, மொண்டு கொடுப்பது கனகலட்சுமியின் வேலை. அதில் அவளுக்குச் சலிப்பு இல்லை. நல்ல காரியம்தான்.

கடைக்குப் பின்னால் ஒரு கழிப்பறையும் இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அது கழிப்பறையாகவே இருந்தது. போன வருஷம் மதுரை ஏஜெண்டு ஒருவர் பாட்டிலும் ஸ்டாண்டும் லோடாக எடுத்தால் விலை பாதி குறையும் என்றார். அப்துல் பாரி எடுத்தார். பரண் நிறைந்தது. மீதிப் பெட்டிகளை எங்கே வைப்பது என்று பார்த்து, கழிப்பறையில் அடுக்கச் சொன்னார்.

"ரெண்டு வாரத்துக்குத்தாம்மா. வித்துரும்."

விற்றது. கனகலட்சுமிதான் விற்றாள். இடம் காலியாவதற்குள் அடுத்த லோடு வந்தது. அப்புறம் அந்தத் தகரக் கதவுக்குக் கழிப்பறை என்ற பெயரே போய்விட்டது. "குடோனுல எடு" என்றால் அதுதான்.

அப்துல் பாரி கெட்டவர் அல்ல. "தேவைன்னா நம்ம வீட்டுக்குப் போயிக்கம்மா. ஒன் வீடு மாதிரி" என்று அன்றைக்கே சொல்லியிருந்தார். வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவள் ஒரே ஒரு தடவை போனாள். அவர் மனைவி சைதுன் பீவி வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்தார். டீ போட்டுக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு என்ன வேலை, குழந்தை ஏன் இன்னும் இல்லை, யாரிடம் காட்டினீர்கள் என்று அன்போடு விசாரித்தார். விருந்தாளிகள் இரண்டு பேர் வேறு இருந்தார்கள். அவர்கள் நடுவில் எழுந்து எதற்கு வந்தேன் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. டீயையும் குடித்துவிட்டு, வந்த காரியம் ஆகாமல் திரும்பி வந்தாள். அந்த மத்தியானத்தை அவள் மறக்கமாட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பறை இருந்தது. அதற்கும் கொஞ்ச நாள் போனாள். போக வரத் தூரம். ஒவ்வொரு தடவையும் ஆட்களுக்கு முன்னால் கேட்டுவிட்டுப் போகவேண்டும். திரும்பி வந்தால் செல்லப்பாண்டி, "என்ன கனகு, மதுரைக்கு பஸ் ஏறிட்டியோன்னு நெனச்சேன்" என்பான். வேடிக்கையாகத்தான் சொல்வான். அவள் போவதை நிறுத்திவிட்டாள்.

போகவேண்டாம் என்றால் குடிக்கக்கூடாது. அவ்வளவுதான். தாகம் பழகிவிடும் என்று நினைத்தாள். தாகம் பழகியது. சிறுநீரகம் பழகவில்லை.

முதல் தடவை நீர்க்கடுப்பு வந்தபோது அவள் கணவன் மாரிக்கண்ணன், "ஒடம்பு சூடு. நல்லாத் தண்ணி குடி" என்று சப்ஜா விதை வாங்கி வந்தான். அவன் விசைத்தறியில் வேலை பார்ப்பவன். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அது. இரண்டாவது தடவை குளிர்காய்ச்சலும் சேர்ந்து வந்தது. அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா, "தண்ணி குடிக்கணும். அடக்கக் கூடாது. மறுபடியும் காய்ச்சலோட வந்தா கிட்னியப் பாதிச்சிருச்சுன்னு அர்த்தம். அட்மிஷன்தான்" என்றார். அவள் தலையாட்டினாள். ஏன் அடக்குகிறாய் என்று டாக்டரம்மா கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. வெளியே பெரிய வரிசை நின்றிருந்தது.

அப்துல் பாரிக்குத் தகவல் தெரிந்தபோது அவரும் வருத்தப்பட்டார். கடையிலேயே உயர்ந்த பாட்டிலை எடுத்து, ஸ்டாண்டோடு அவள் சைக்கிளில் மாட்டிக் கொடுத்தார். "வெயில்ல சைக்கிள் மிதிச்சு வர்ற. குடிச்சுக்கிட்டே வா. கடைப் பிள்ள சைக்கிள்ல நம்ம சரக்கு இருந்தா நமக்கும் விளம்பரம்."

பாட்டில் நல்ல பாட்டில். காலையில் நிரப்புவாள். நாள் முழுக்க அது கடை வாசலில், சைக்கிளில் நிறைந்தபடி நிற்கும். சாயங்காலம் பாளையம்பட்டிக்கு முன்னால் கருவேலங்காட்டு ஓரமாக இறங்கி, தண்ணீரை மண்ணில் ஊற்றிவிடுவாள். காலி பாட்டிலைப் பார்த்து மாரிக்கண்ணன் சந்தோஷப்படுவான்.

எல்லோரும் அவளைத் தண்ணீர் குடிக்கத்தான் சொன்னார்கள்.

இன்று காலையில் சைக்கிள் மிதிக்கும்போதே அடிவயிற்றில் எரிச்சல் இருந்தது. கடையைத் திறந்து பானையை நிரப்பும்போது கெண்டைக்காலில் லேசாக நடுக்கம். வெளியே வைகாசி வெயில். உள்ளே குளிர்வது போல இருந்தது. இது மூன்றாவது தடவை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. லீவு கேட்கலாம். பள்ளிக்கூடம் திறந்த வாரம். வருஷத்து வியாபாரமே இந்த வாரத்தில்தான். அவள் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை. வேலையைக் காப்பாற்றினால் உடம்பு போகிறது. உடம்பைக் காப்பாற்ற வேண்டுமானால், இதுவரை எந்த ஆணிடமும் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொல்லவேண்டும். அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மா பந்தலிலேயே நின்று செம்பை வாங்கி மடமடவென்று குடித்தாள்.

"நல்லாருப்ப தாயி. பரளச்சி பஸ்ஸுல நின்னுக்கிட்டே வாரோம். நாக்கு ஒட்டிக்கிருச்சு." மகளிடம் செம்பை நீட்டினாள். "குடிடி."

"வேணாம்."

"பாத்தியா தாயி? இதுக்குத்தான் வந்ததே."

அம்மாவின் பெயர் கருத்தம்மாள். மானாவாரிக் காட்டில் கூலிக்கும் போவாள், சொந்தமாகக் கொஞ்சம் மிளகாயும் போட்டிருந்தாள். மகள் முத்துமாரி பன்னிரண்டாம் வகுப்பு. அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறவள். கருத்தம்மாள் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தாள்.

"பிரேயர்ல மயங்கி விழுந்துட்டாத்தா. நர்ஸம்மா பாத்துட்டு, ஒடம்புல தண்ணியே இல்லைங்கிறாக. நானா குடுத்து விடல? பாட்டில நெப்பிக் குடுத்து விட்டா, அப்பிடியே கொண்டாந்து அடுப்படியில வைக்கிறா. பிளாஸ்டிக் வாடை அடிக்குதுன்னா. சரின்னு எவர்சில்வர் வாங்குனேன். சைக்கிள் கூடையில கெடந்து கடகடங்குது, பயலுக சிரிக்கிறாய்ங்கன்னா. அதான் சைக்கிள்லயே மாட்டுற மாதிரி ஒண்ணு குடு. எடுத்தமா குடிச்சமான்னு இருக்கணும். வருசம் பூரா தாங்கணும். வெல பாத்துச் சொல்லு."

கனகலட்சுமி கண்ணாடிப் பெட்டியின் மேல் பாட்டில்களை வரிசையாக வைத்தாள். "கவர்மெண்டு சைக்கிள்ல ஸ்டாண்டு மாட்டத் திருகாணி ஓட்டை இருக்காதுக்கா. கிளாம்ப்பு வச்ச ஸ்டாண்டுதான் சரி. ஹேண்டில்பாருக்குக் கீழ பிடிச்சிக்கிரும். எவர்சில்வர் பாட்டிலு இதுல நிக்காது, வழுக்கி விழும். இந்த மாதிரி நடுவுல பள்ளம் விட்ட பாட்டிலு எடுத்தீங்கன்னா ஸ்டாண்டு கவ்விக்கிரும். மூடியத் தொறந்து மோந்து பாருங்க, வாடை வராது."

கருத்தம்மாள் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். மூடியைத் திருகினாள். தரையில் தட்டினாள். "நீ எது வேணும்னு சொல்லேன்டி. வாயில என்ன கொழுக்கட்டையா?"

முத்துமாரி கை நீட்டி இருப்பதிலேயே சின்னப் பாட்டிலைத் தொட்டாள். "இது போதும்."

"ஏன்டி, குருவிக்குத் தண்ணி வைக்கவா வாங்குறோம்?"

செல்லப்பாண்டி சக்கரத்தைச் சுழற்றியபடி சிரித்தான். முத்துமாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்துல் பாரி கல்லாவிலிருந்தே சொன்னார்: "ஒரு லிட்டர்ல நீலக் கலர் வந்திருக்கு. அதுதான் காசுக்குத் தகுந்த சரக்கு. குடோனுல இருக்கு, எடுத்துக் காட்டும்மா."

"நீயும் போயி ஒனக்குப் புடிச்ச கலர எடு, போ" என்று கருத்தம்மாள் மகளை நெட்டித் தள்ளினாள்.

கனகலட்சுமி தகரக் கதவைத் திறந்தாள். அட்டைப் பெட்டிகள் கூரை வரைக்கும் ஏறியிருந்தன. ஓரமாகக் கால் வைக்கக் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே பீங்கானின் ஒரு மூலையும் கால் வைக்கும் மேடும் தெரிந்தன. சுவரில் குழாய், அதில் ஒட்டடை.

முத்துமாரி அதையே பார்த்தாள்.

"அக்கா, இது பாத்ரூமா?"

"ஆமா."

"அப்ப நீங்க எங்க போவீங்க?"

கனகலட்சுமி பெட்டியின் நாடாவைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. கணவன், முதலாளி, டாக்டர் யாருமே இதைக் கேட்டதில்லை.

"சாயங்காலம் வீட்டுக்கு."

"காலையிலருந்தா?"

"ஆமா."

"தண்ணி?"

"குடிக்கிறதில்ல."

முத்துமாரி அவள் முகத்தைப் பார்த்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"நானுந்தாங்க்கா."

பிறகு அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் கழிப்பறை இருக்கிறது. கதவு இருக்கிறது. தாழ்ப்பாள் இல்லை. யாராவது வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"கோமதிதான் எனக்குப் பிடிச்சிக்குவா, நான் அவளுக்குப் பிடிச்சிக்குவேன். அவ போன வருசம் நடுவுலயே டவுனு ஸ்கூலுக்குப் போயிட்டா. மத்தவளுகளுக்கு ஜோடி ஜோடியா ஆளு இருக்கு. நான் யாருகிட்டப் போயி கேக்க? ஒரு நா தனியாப் போனேன். யாரோ கதவத் தள்ளிட்டாக."

"யாரு?"

"தெரியலக்கா. நான் திரும்பிப் பாக்கல."

"அம்மாகிட்டச் சொல்லலாம்ல?"

"என்னன்னு சொல்ல?" அந்தப் பெண் நீலப் பாட்டில் ஒன்றை எடுத்து, திறந்து, மூடினாள். "நீங்க ஒங்க மொதலாளிகிட்டச் சொல்லிட்டீங்களா?"

கனகலட்சுமி கதவைச் சாத்தினாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது அப்துல் பாரி கருத்தம்மாளிடம் விலை பேசி முடித்திருந்தார். "ஸ்டாண்டு, கிளாம்ப்பு, பாட்டிலு எல்லாம் சேத்துப் போட்டுக் குடுத்துட்டேன். இதுக்கு மேல எறங்க முடியாதும்மா." கருத்தம்மாளுக்குத் திருப்தி. மகள் கையிலிருந்த பாட்டிலை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. இனி நெறைஞ்சு திரும்பி வந்துச்சுன்னா, ஓந்தலையிலயே ஊத்திருவேன் பாத்துக்க."

முத்துமாரி பாட்டிலைப் பார்க்கவில்லை. வாசலையே பார்த்தாள். வெளியே போக வழி தேடுகிறவள் போல இருந்தாள்.

கனகலட்சுமி பாலிதீன் பையை விரித்துப் பிடித்திருந்தாள். பாட்டிலை உள்ளே போடவேண்டும். போட்டால் முடிந்தது. அம்மாவும் மகளும் பஸ் ஏறிவிடுவார்கள். பாட்டில் தினமும் நிரம்பியே திரும்பும். இன்னும் சில வருஷத்தில் இந்தப் பெண் ஏதோ ஒரு கடையில் கால் நடுங்க நின்றுகொண்டு, வருகிறவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பாள்.

"அக்கா, இது வேணாம்" என்றாள் கனகலட்சுமி.

கருத்தம்மாள் திகைத்தாள். "என்னத்தா, ஓட்டையா?"

அப்துல் பாரி சிரித்தார். "என்னம்மா, காலையிலருந்து வித்து அலுத்துருச்சா?"

"பாட்டில்ல குத்தம் இல்ல மொதலாளி." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னாள். "பாட்டில்ல குத்தம் இல்ல. அக்கா, ஒங்க மகளுக்குத் தண்ணி கசக்கல. குடிச்சா ஒண்ணுக்குப் போகணும்ல? அதுக்குத்தான் குடிக்க மாட்டேங்குது. ஸ்கூலு பாத்ரூம்ல தாப்பா இல்லையாம். கதவப் பிடிச்சுக்க ஆளு இல்லையாம். நீங்க எந்தப் பாட்டிலு வாங்கிக் குடுத்தாலும் அது குடிக்காது."

சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்த செல்லப்பாண்டி கையை எடுத்தான். சக்கரம் தானாகச் சுற்றி நின்றது.

அப்துல் பாரியின் முகம் மாறியது. "கடையில வச்சு என்ன பேச்சும்மா இது? நாலு பேரு வந்து போற எடம்."

"நாலு பேரு வந்து போற எடத்துலதான் மொதலாளி நானும் காலையிலருந்து நிக்கிறேன்." ஆரம்பித்தாயிற்று, இனி நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. "எனக்கு நீர்க்கடுப்பு. இது மூணாந்தடவ. இப்பக் காய்ச்சல் இருக்கு. இந்தத் தடவ வந்தா கிட்னி போயிரும்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. நீங்க குடுத்த பாட்டில நான் ஒரு நாக்கூடக் குடிச்சதில்ல. போறதுக்கு எடம் இல்லாம எப்பிடிக் குடிக்க? பாத்ரூம்லதான் நம்ம சரக்கு இருக்கே."

"நம்ம வீட்டுக்குப் போகச் சொன்னேன்ல?"

"சொன்னீக. போனேன். டீ குடுத்தாக. குடிச்சிட்டு வந்துட்டேன்." அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். "ஒண்ணுக்கு வருதுன்னு இன்னொருத்தர் வீட்டு வாசல்ல போயித் தெனமும் எப்பிடி மொதலாளி நிக்க?"

வெளியே இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அப்துல் பாரி கல்லாப்பெட்டியைச் சாத்தினார்.

"போ. வீட்டுக்குப் போ. நாளைக்குப் பேசிக்கலாம்."

பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கு அழைப்பு கேட்டது. அவர் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கி நடந்தார்.

கருத்தம்மாள் பாட்டிலைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ சொல்லுவியா?" முத்துமாரியின் குரல் சின்னதாக இருந்தது. "காட்டுலருந்து பொழுது சாஞ்சுதான் வர்ற. அதுவரைக்கும் நீயும் அடக்கிக்கிட்டுத்தான இருக்க."

"நான் பழகிட்டேன்டி."

"அதான். என்னையும் பழகிக்கன்னு சொல்லுவ."

கருத்தம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பந்தல் நிழலுக்குப் போய் உட்கார்ந்தாள்.

கனகலட்சுமி சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பையில் வைத்தாள். 'நாளைக்குப் பேசிக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். மாரிக்கண்ணனிடம் எப்படிச் சொல்வது? வேலை எதற்காகப் போயிற்று என்று அவன் கேட்பான். அவனிடமும் இதே வார்த்தையைச் சொல்லவேண்டும். சைக்கிள் வரைக்கும் நடந்தாள். கால் தாங்கவில்லை. திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். இருக்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

செல்லப்பாண்டி கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி வந்தான்.

"வாயே தொறக்காத பிள்ளைன்னுல்ல நெனச்சேன்." வேடிக்கையாக ஆரம்பித்தவன் நிறுத்தினான். "பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டு வரும்போது நான் எதாச்சும் சொல்லுவேன்ல. அதுனாலயா போறத விட்ட?"

அவள் சாப்பாட்டுப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நான் பின்னாடி செவத்தோரமாப் போயிட்டு வந்துருவேன். அதுனால தோணவே இல்ல கனகு. மெய்யாலுமே தோணல."

பள்ளிவாசலில் அப்துல் பாரி கோபத்தோடுதான் நுழைந்தார். வாடிக்கையாளர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள். சோறு போடுகிற கடை. பெற்ற பிள்ளை போலத்தானே நடத்தினேன். இப்படி நினைத்துக்கொண்டே, கை கால் முகம் கழுவி ஒளுச் செய்வதற்கு முன்னால் வழக்கம்போலப் பின்பக்கம் போனார். அவருக்குச் சர்க்கரை வியாதி. ரொம்ப நேரம் தாங்காது. வரிசையாகக் கதவுகள். வாளி நிறையத் தண்ணீர். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டார்.

விரல் தாழ்ப்பாளிலேயே நின்றது.

பல வருஷமாக ஒவ்வொரு தொழுகைக்கும் இங்கே வருகிறார். கடையில் கழிப்பறை இல்லாமல் போன குறை அவருக்கு ஒரு நாள்கூடத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பது இப்போது தெரிந்தது. அவள் எங்கே போவாள்?

தொழுகையில் மனம் நிற்கவில்லை. முடிந்ததும் பஜார் வழியாக வராமல், பின்சந்து வழியாகக் கடைக்கு வந்தார்.

பின்பக்கம் ஏதோ விழுகிற சத்தம் கேட்டுச் செல்லப்பாண்டி எட்டிப் பார்த்தான். அப்துல் பாரி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தகரக் கதவுக்குள் நின்றிருந்தார். தலையில் தொப்பி அப்படியே இருந்தது. தோளில் ஓர் அட்டைப் பெட்டி. காலடியில் ஒரு பெட்டி உடைந்து நீலப் பாட்டில்கள் உருண்டு கிடந்தன.

"ஏலே, என்ன வேடிக்க பாக்குற? புடி."

"எங்க வைக்க மொதலாளி?"

"கடைக்குள்ள வை."

"கடைக்குள்ள எடம் இல்லையே."

"என் கல்லாவச் சுத்தி அடுக்கு."

இருவரும் சுமந்தார்கள். கருத்தம்மாளும் எழுந்து வந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெட்டியைத் தூக்கினாள். கனகலட்சுமி எழப் போனாள். "நீ உக்காரு" என்றார் அப்துல் பாரி. அவள் பக்கம் பார்க்காமல்தான் சொன்னார்.

குழாயைத் திறந்தார்கள். காற்று மட்டும் வந்தது. "பிளம்பருக்குச் சொல்லி விடுறேன்" என்று அப்துல் பாரி முன்வாசல் குழாயிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் தூக்கிவந்து வைத்தார். துடைப்பத்தையும் எடுத்தார். செல்லப்பாண்டி பறித்துக்கொண்டு அவனே கழுவினான். பிறகு கதவின் உள்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாளைப் புதிதாகத் திருகினான். தள்ளிப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான், உள்ளே போய்ப் பூட்டிவிட்டு, "வெளிய இருந்து தள்ளுங்க மொதலாளி" என்றான். கதவு அசையவில்லை.

கருத்தம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"பாய்… பஸ்ஸு ஊரு போயிச் சேர நேரமாகும். நாங்களும் ஒரு எட்டுப் போயிக்கிரட்டுமா?"

அப்துல் பாரி தகரக் கதவை அகலத் திறந்துவிட்டார். "போங்கம்மா" என்றார். "மொதல்ல எங்க கடைப் பிள்ள போகட்டும். அப்பறம் நீங்க போங்க."

கனகலட்சுமி போனாள். வரும்போது கண் சிவந்திருந்தது. வலியில் அழுதாளா, வேறு எதற்காவது அழுதாளா என்று யாரும் கேட்கவில்லை.

"காய்ச்சல் அடிக்குதுல்ல. செல்லப்பாண்டி ஆட்டோ கூட்டிட்டு வருவான். ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார் அப்துல் பாரி. "அட்மிஷன் போட்டாலும் இருந்து பாத்துட்டு வா."

"வேலை…"

"கடை எங்கயும் போகாது. நீ ஒடம்பு தேறி வா." தொப்பியைக் கழற்றினார். "டாக்டரம்மா கேட்டா எதுனாலன்னு சொல்லு. மறைக்காத. எங்கடைன்னே சொல்லு."

கருத்தம்மாள் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நீலப் பாட்டில் கண்ணாடிப் பெட்டியின் மேலேயே இருந்தது.

"பாட்டிலு எடுத்து வைக்கட்டாக்கா?" என்று செல்லப்பாண்டி கேட்டான்.

"எடுத்து வைங்க தம்பி. அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிறேன். நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணும். ஹெட்மாஸ்டரப் பாத்துத் தாப்பாளு போடச் சொல்லணும். நான் ஒருத்தி போயிக் கேட்டா என்ன சொல்வாகளோ. மத்தப் பிள்ளைக அம்மாமாரையும் கூட்டிட்டுப் போறேன்." மகளின் பக்கம் திரும்பினாள். "கோமதி அம்மாவையும் கூப்பிடுவோம். பிள்ளைய ஸ்கூலு மாத்துனது எதுக்குன்னு இப்பத்தான வெளங்குது."

முத்துமாரி பந்தலில் நின்று, செம்பை அவளே எடுத்து, கொஞ்சமாகத் தண்ணீர் குடித்தாள். பஸ் வர நேரம் இருந்தது. மறுபடியும் கொஞ்சம் குடித்தாள்.

சாயங்காலம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். கடைக்குள் கால் வைக்க வழி இல்லை. பெட்டிகள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாலும் கல்லாவைச் சுற்றியும் மலைபோல நின்றன. அப்துல் பாரியின் தலை மட்டும் தெரிந்தது.

"என்ன பாய் கோலம் இது? கடைய குடோனாக்கிட்டீங்களா? ஆளு உள்ள வர வேண்டாமா?"

"இந்தப் பெட்டிகளுக்கு ஒரு ரூமு குடுத்துட்டு, எங்க கடைப் பிள்ளைக்கு இல்லாம வச்சிருந்தேன்" என்றார் அப்துல் பாரி. "வாசல்ல பானை வச்சு ஊருக்கே தண்ணி குடுத்தா நன்மைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். தண்ணி குடின்னு சொல்றதுக்கு என்ன, யாரு வேணாலும் சொல்லலாம். குடிச்சவுக கூச்சமில்லாமப் போயி வர ஒரு கதவும் தாப்பாளும் குடுத்தோமான்னு யாரும் பாக்கிறதில்ல. அது தர்மம் இல்ல, வேலைக்கு வச்சவன் செய்ய வேண்டிய கடமை. எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சது."

வந்தவர் பெட்டிகளுக்கு நடுவில் வழி பார்த்தார்.

"நீங்க ஒருக்களிச்சு வாங்க" என்றார் அப்துல் பாரி.